எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்

"இண்டைக்காவது கேப்பியோ, மாட்டியோ?"

மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே கமலாதேவி கேட்டாள். கார்க் கண்ணாடியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த மகள் நிரோஜினி வீதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கிறன் எண்டு சொன்னனான்தானே அம்மா."

"நேற்றும் சொன்னனி. ஞாயிற்றுக்கிழமையும் சொன்னனி. உன்ர சொல்லு எங்கட வீட்டு வாசலைத் தாண்டுதில்லைப் பிள்ளை. அவளின்ர மகள் கலியாணச் சேலையைப் படம் எடுத்து அனுப்பினவளாம். அதைப் பாத்துப்போட்டு அவள் எனக்கு எடுத்து அழுறாள்."

அவள் என்றது மேரிகிறேஸை. மன்னார்க்காரி. றியாத்தில் ஸ்ரிபன் வீட்டில் சமைத்து, துடைத்து, பிள்ளைகளைப் பார்க்கிறவள். ஸ்ரிபன் டேனிஷ்காரன், நிரோஜினி வேலை செய்கிற பம்பு கொம்பனியின் றியாத் கிளைக்குப் பொறுப்பானவன். மேரிகிறேஸின் பாஸ்போட் அவன் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் பூட்டுப்பட்டுக் கிடந்தது. அவள் மகளுக்கு ஈஸ்டர் முடியக் கலியாணம். பாஸ்போட்டைத் தாருங்கள், போய்விட்டு வருகிறேன் என்று கேட்ட போதெல்லாம் ஸ்ரிபன் நல்ல மாதிரிச் சிரித்து, "கோடை விடுமுறை முடியட்டும் மேரி, பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தக் கிழமை அவன் ஒரு கூட்டத்துக்காக டென்மார்க்குக்கு வந்திருந்தான். ஒன்றரை வருடம் அவனுக்குக் கீழே றியாத்தில் வேலை செய்துவிட்டு வந்தவள் நிரோஜினி. ஒரு வாய் வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த குழுத் தலைவி யார் என்று எழுதிக் கொடுக்கப்போகிறவனும் அதே ஸ்ரிபன்தான்.

"இண்டைக்குக் கன்ரீனிலை என்ர பேச்சுக்கு அவரும் வாறார். முடிஞ்ச உடனை தனியக் கூப்பிட்டுக் கேக்கிறன்" என்றாள் நிரோஜினி.

"சத்தியமா?"

"சத்தியமா."

கொம்பனி வாசலுக்கு முந்திய பஸ் தரிப்பில் அவள் காரை நிறுத்தினாள். கமலாதேவி இறங்கி, சட்டைத் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டு, காற்றுக்குள் நடக்கத் தொடங்கினாள். கார் அவளைக் கடந்து போனது.

இது தாயும் மகளும் பேசி வைத்த ஏற்பாடு. பேசி வைத்தது என்று சொல்வதும் பொய். மகள் சொன்னாள், தாய் கேட்டாள். நிரோஜினி றியாத்தில் இருந்த காலத்தில், கமலாதேவியைத் துப்புரவுக் கொம்பனி இந்தக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. மகள் திரும்பி வந்து வேலை தொடங்குவதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அங்கை கண்டா என்னோடை தமிழிலை கதைக்காதைங்கோ."

"ஏன், அங்கை தமிழ் தடையோ?"

"அப்பிடியில்லை. வேலையிடம்தானே."

கமலாதேவி சோற்றைக் குழைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "விளங்குது. நான் கோப்பி ஊத்த வாறவ, நீ குடிக்க வாறவ" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

பெயரும் காட்டிக் கொடுக்கவில்லை. அகதியாக வந்த காலத்தில் பதிந்தபடி, கமலாதேவியின் பெயருக்குப் பின்னால் அவளுடைய தகப்பன் பெயர் நின்றது. நிரோஜினியின் பெயருக்குப் பின்னால் அவளுடைய தகப்பன் பாலேந்திராவின் பெயர். டேனிஷ்காரருக்கு அவை இரண்டு குடும்பங்கள். நெஞ்சில் குத்திய அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தாலும் ஒரு வெள்ளைக்கும் ஒன்றும் ஓடாது. நிரோஜினிக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் அவளுக்கே முகம் எரியும். எரிந்தாலும் வசதி வசதிதான்.

*

நிரோஜினி றியாத்துக்குப் புறப்பட்டபோது, அவர்கள் குடியிருந்த இக்காஸ்ட் ஊர்த் தமிழ்ச் சனம் வாயில் கை வைத்தது. "சவூதிக்கோ? பொம்பிளைப் பிள்ளையைத் தனியவோ?" டேனிஷ் சனமும் அதையேதான் கேட்டது, கொஞ்சம் நாகரிகமாக. சாய ஆலையிலும் பிறகு கோழி வெட்டுகிற ஆலையிலும் நின்று முதுகு போன பாலேந்திரா மட்டும், "எங்கட பரம்பரையிலை படிச்சு முடிச்ச முதல் ஆள். அவளுக்குத் தெரியாததோ" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உண்மையில் றியாத் அவளுக்குப் பிடித்திருந்தது. இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. இக்காஸ்ட் ரயில் நிலையத்தில் அவள் ஒரு பொடியனோடு நின்று கதைத்தால், அவள் வீட்டுக்கு வந்து சேருமுன் தகப்பனுக்குப் போன் வந்துவிடும். றியாத்தில் அவளை யாருக்குத் தெரியும்?

காலையில் கொம்பனிக் கார் வரும். உடம்பை மூடும் கறுப்பு அங்கியான அபாயா கதவுக்குப் பின்னால் கொழுவியில் தொங்கும். வெளிநாட்டுப் பெண்களுக்கு இப்போது அது கட்டாயமில்லை. என்றாலும் அரச அலுவலகங்களுக்கும் பழைய கடைத்தெருவுக்கும் போகும்போது போட்டுக்கொள்வாள். அவசரத்துக்கு உள்ளே பிஜாமாவோடும் போகலாம் என்பது அந்த உடுப்பின் பெரிய நன்மை. பின்னேரத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் சில கடைகள் கதவைப் பாதிக்கு இறக்கும். கூடையோடு உள்ளே அகப்பட்டால் அலுமாரியில் சாய்ந்து நின்று காத்திருப்பாள். வெயில் காலத்தில் பின்னேரம் ஆனாலும் குழாயில் கொதிநீர்தான் வரும். சூரியன் விழுந்த பிறகு, ஸ்ரிபன் குடும்பமும் இருந்த அந்தக் குடியிருப்பின் மதிலை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நகரம் இரைந்துகொண்டிருக்கும்.

கூட வேலை செய்த ஹனூஃப் என்ற சவூதிப் பெண் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு வந்து, பம்பு அறைக்குள் இறங்கி, ஆண்கள் திறக்க முடியாமல் நின்ற வால்வைத் திறந்துவிட்டு ஏறி வருவாள். சனிக்கிழமைகளில் தன் பெரிய வெள்ளைக் காரில் நிரோஜினியை ஏற்றிப் போய் வீதியோரத்தில் ஏலக்காய்த் தேநீர் வாங்கித் தருவாள்.

"இங்கே தனியாக இருக்க உனக்குப் பயமில்லையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எங்கள் ஊர்ச் சனம் இங்கே இல்லையே. பிறகென்ன பயம்?"

ஹனூஃப் சிரித்த சிரிப்பில் தேநீர் கையில் சிந்தியது. "ஒருநாள் வீட்டுக்கு வா. என் மாமிமாரைக் காட்டுகிறேன்" என்றாள்.

பயம் இல்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. குடியிருப்பு வாசலில் புதிதாக வந்த காவல்காரன் ஒரு பின்னேரம் அவளை மறித்தான். "எந்த வீட்டில் வேலை? உன் மேடத்தின் பெயர் என்ன?" கையில் மரக்கறிப் பை, காலில் ரப்பர்ச் செருப்பு, உடம்பில் அபாயா. அவள் டேனிஷ் பாஸ்போட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. அவன் ஆள் மாறிப் பார்த்ததற்கா கோபம், வேலைக்காரி என்று நினைத்ததற்கா கோபம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாளிலிருந்து நடக்கப் போனாலும் கொம்பனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள்.

மேரிகிறேஸுக்கும் அவளுக்கும் ஒரே நிறம், ஒரே உயரம். ஸ்ரிபனின் சின்ன மகள் ஒருமுறை பின்னாலிருந்து ஓடிவந்து "மேரி" என்று நிரோஜினியின் காலைக் கட்டிக்கொண்டது. முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டது.

அந்த மேரிகிறேஸ்தான், நிரோஜினி தாயோடு போனில் தமிழ் கதைத்ததை ஜன்னலால் கேட்டுவிட்டு வந்து கதவைத் தட்டியவள். "தங்கச்சி, நீங்கள் எங்கட ஆளோ? கடவுளே, இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்திட்டன்." அதன் பிறகு ஓய்வு கிடைத்த பின்னேரங்களில் வந்துவிடுவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். சொதி வைப்பாள், சம்பல் இடிக்கத் தெரியாத பெட்டையென்று நையாண்டி பண்ணுவாள். நிரோஜினி வீடியோவில் கூப்பிடும்போது கமலாதேவி மகளிடம் நலம் கேட்டுவிட்டு, "எங்கை அவள்? குடு அவளிட்டை" என்பாள். இருவரும் சிரித்துக் கதைக்க, நிரோஜினி போனைச் சீனிப் பேணியில் சாத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். கமலாதேவிக்கு மேரிகிறேஸின் குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்பது வரைக்கும் தெரியும்.

பிறகு டிசம்பரில் வந்தது நத்தார் விருந்து. ஸ்ரிபன் வீட்டில், றியாத்தில் இருந்த டேனிஷ்காரர் எல்லாரும். மேரிகிறேஸ் வாத்து இறைச்சித் தட்டோடு மேசையைச் சுற்றி வந்து, நிரோஜினியின் தோளருகில் நின்றாள். "தங்கச்சி, இன்னுமொரு துண்டு வைக்கட்டே? நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை."

மேசை திரும்பிப் பார்த்தது.

"நீங்கள் இரண்டு பேரும் ஒரே பாஷையா?" என்று ஸ்ரிபன் ஆர்வமாகக் கேட்டான். "உன்னை என்னவென்று கூப்பிட்டாள்?"

எத்தனை கண்கள். அவள் கண்ணிலிருந்து மேரிகிறேஸின் கண்ணுக்கும், மேரிகிறேஸின் கண்ணிலிருந்து அவள் கண்ணுக்குமாகப் போய் வந்தன. காவல்காரனின் குரல் காதுக்குள் கேட்டது.

"தங்கை என்று அர்த்தம்" என்றாள் நிரோஜினி டேனிஷில். "எங்கள் ஆட்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கடைக்காரர் அண்ணா, வழியில் போகிற கிழவி அம்மா. அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை."

எல்லாரும் அழகான பழக்கம் என்றார்கள். அவள் மேரிகிறேஸின் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில், "நோ தாங்க்யூ, மேரி" என்றாள்.

தட்டு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. "ஓகே, மேடம்" என்று மேரிகிறேஸ் அடுத்த ஆளிடம் போனாள். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் மேடம் என்றுதான் சொன்னாள். தனியாக வந்து சொதி வைக்கும்போது பழையபடி தங்கச்சி. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிரோஜினி சண்டை பிடித்தாவது ஆறியிருப்பாள்.

*

நிரோஜினியின் பேச்சை ஒழுங்கு செய்தவள் ஆளணிப் பிரிவின் மரினா. வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாட்டோடு கன்ரீனில் யாராவது ஒருவர் ஏதாவது சொல்வது கொம்பனி வழக்கம். போன மாதம் ஒருவர் தேனீ வளர்ப்பைப் பற்றிச் சொன்னார். இந்த முறை கதவில் ஒட்டியிருந்த தலைப்பு, றியாத்தைப் பற்றி: மதிலுக்குப் பின்னால் ஒரு பெண். மரினா அபாயாவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். வந்ததும் தானே அதைப் போட்டுப் பார்த்து, முகத்தை மூடி ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

கதிரைகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் ஸ்ரிபன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசல் பக்கத்தில் கமலாதேவி தள்ளுவண்டிலில் கோப்பிக் கான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை.

நிரோஜினி நன்றாகவே பேசினாள். அதுதான் கேடு. மதிலின் படத்தைக் காட்டியதும் சனத்தின் முகத்தில் வந்த இரக்கம் அவளுக்கு ருசித்தது. ஹனூஃபின் வெள்ளைக் காரைப் பற்றிச் சொல்ல நினைத்து வந்தவள், சொல்லவில்லை. அது இந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துவராத கறி. கடைக்குள் அகப்பட்டு நின்றதைச் சொன்னபோது, அலுமாரியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டு நின்றவள் இருட்டில் பூட்டுப்பட்டவள் ஆனாள். வாசல் காவல்காரன் வந்தான். ஆனால் அவள் கதையில் அவன், "எந்த வீட்டில் வேலை?" என்று கேட்கவில்லை. "உன் புருசன் எங்கே?" என்று கேட்டான். சனம் நாக்கைச் சப்புக்கொட்டியது.

"அங்கே வீட்டு வேலை செய்கிற பெண்களின் நிலைமை எப்படி?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

தாய் கான் மூடியைத் திருகுவதை நிறுத்தியது தெரிந்தது. காரில் கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போம், ஸ்ரிபனுக்கு உறைக்கும், உறைத்தால் அவனாகவே கொடுப்பான், கேட்டதும் ஆச்சு, கேட்காததும் ஆச்சு என்று அவளுடைய கெட்டிக்கார மூளை கணக்குப் போட்டது.

"எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும்" என்று தொடங்கினாள். "அவளுடைய மகளுக்குக் கலியாணம். ஆனால் அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. வேலை கொடுத்தவர்கள் பாஸ்போட்டை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்."

ஸ்ரிபன் நீட்டியிருந்த காலை மடக்கினான். அவன் முகம் இறுகுவதை அவள் கண்டாள். கண்ட மாத்திரத்தில் அவளுடைய நாக்குத் தானாகவே புரண்டது.

"ஓர் அரபுக் குடும்பம்" என்றாள்.

ஸ்ரிபனின் முகம் இளகியது. காலைத் திரும்ப நீட்டினான். பின்னால் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அங்கத்தைய பழக்கம் அப்படித்தான். வருத்தமான விஷயம். நாங்கள் வெளியாட்கள், எதை மாற்ற முடியும்?" என்றான்.

ஒரு கோப்பிக் கான் மேசையில் சத்தமாக வைக்கப்பட்டது.

"மன்னிக்க வேண்டும், ஸ்ரிபன்."

கமலாதேவியின் டேனிஷ், இக்காஸ்ட் தையல் ஆலையில் மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய டேனிஷ். இழுவை இருக்கும், பிழை இருக்கும், விளங்காமல் போகாது. "மேரிகிறேஸின் பாஸ்போட் உங்களுடைய வீட்டில் இருக்கிறது. மகளுக்குக் கலியாணம். அதை எப்போது கொடுப்பீர்கள்?"

யாரோ கத்தியைத் தட்டில் வைத்தார்கள். ஸ்ரிபன் தள்ளுவண்டிலையும் நீல மேலங்கியையும் பார்த்தான். இவ்வளவு காலமும் கன்ரீனில் எல்லாருக்கும் விளங்கிய டேனிஷ் அவனுக்கு அப்போது விளங்காமல் போயிற்று.

"நீங்கள் சொல்வது எனக்குப் பிடிபடவில்லை" என்றான். நிரோஜினியிடம் திரும்பினான். "இவ என்ன சொல்கிறா? நீங்கள் ஒரே பாஷைதானே?"

அந்தக் கட்டடத்துக்குள் முதன்முறையாகத் தாய் மகளை நேரே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது வாய் திறந்தால் போதும். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைக் குழந்தையாக இருக்கும்போதே பழகியவள் நிரோஜினி. வாயில் வரவில்லை.

தாய்க்கு அது விளங்கியது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு தமிழில், கந்தோரில் ஓர் அதிகாரியிடம் கேட்பது போலக் கேட்டாள்:

"மிஸ், இவருக்கு வடிவா விளங்கிற மாதிரிச் சொல்லிவிடுங்கோ. நான் மேரிகிறேஸின்ர சிநேகிதி. அவளின்ர பாஸ்போட்டைக் குடுக்கச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

மிஸ்.

நிரோஜினி மொழிபெயர்த்தாள். "இவர் மேரிகிறேஸின் சிநேகிதி என்று சொல்கிறார். அவளுடைய பாஸ்போட்டைக் கொடுக்கும்படி கேட்கிறார்." குரல் நடுங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நல்ல புள்ளி வாங்கிய குரல்.

ஸ்ரிபனின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கன்ரீன் முழுவதும் அவனைப் பார்த்தது. "அது பத்திரத்துக்காக வைத்தது. தொலைந்துவிடும் என்று. அவள் கேட்டால் எப்போதும்..."

"எப்போது?" என்றாள் கமலாதேவி, திரும்பவும் டேனிஷில்.

"இன்றைக்கே மனைவியிடம் சொல்கிறேன். இன்றைக்கே."

"நன்றி" என்று அவள் கானை எடுத்து அவனுடைய கோப்பையை நிரப்பினாள். ஒரு துளி சிந்தவில்லை. பிறகு நிரோஜினியிடம் வந்து, "கோப்பி வேண்டுமா?" என்று கேட்டாள். அதுவும் டேனிஷில். பிறந்த நாள் தொட்டு மகளோடு தமிழைத் தவிர வேறொன்றும் கதைக்காத தாய்.

நிரோஜினி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

சனம் கலைந்தது. மரினா அபாயாவை மடித்துக்கொண்டே அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "நீ சொன்ன பெண் இந்த மேரிகிறேஸ்தானா?"

"இல்லை" என்றாள் நிரோஜினி. "அது வேறு ஒருத்தி."

மரினா அபாயாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். மடித்த விதத்தில் ஒரு மரியாதையும் இல்லை.

ஸ்ரிபன் கன்ரீனுக்கு வெளியே நடையோடையில் போனில் கதைத்து முடிக்கும்வரை நிரோஜினி சுவரோடு நின்றாள். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "முடிந்தது. திங்கட்கிழமை அவள் கையில் இருக்கும்" என்றான். கோபமாகத் தெரியவில்லை. களைத்தவன் போல இருந்தான். "நீ நன்றாகச் சமாளித்தாய். யார் அந்த மனுசி? எப்படி மேரியைத் தெரியும்?"

"அவ என்னுடைய அம்மா" என்றாள் நிரோஜினி.

வந்துவிட்டது. ஒருவரும் இல்லாத ஓடையில், காலம் கடந்து, பாதிக் குரலில், ஆனாலும் வந்துவிட்டது.

ஸ்ரிபன் அவள் தோளில் தட்டிச் சிரித்தான். "தெரியும், தெரியும். தங்கை, அம்மா. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். நத்தாருக்கு நீதானே சொல்லித் தந்தாய்." படியில் இறங்கிப் போய்விட்டான்.

இல்லை, உண்மையாகவே என் அம்மா, என்னைப் பெற்றவ என்று அவன் பின்னால் கத்தியிருக்கலாம். படி ஒன்றும் நீளமில்லை. அவள் அபாயாவைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

*

வெள்ளிக்கிழமைகளில் வேலை வெள்ளெனவே முடியும். இன்றைக்கு வாசலிலேயே, எல்லாரும் பார்க்கத் தாயை ஏற்றுவது என்று நிரோஜினி காரை வாசல் முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் காத்திருந்தாள். கமலாதேவி வரவில்லை. அவள் பின்வழியால் போய், ஒப்பந்தப்படி, பஸ் தரிப்பில் நனைந்துகொண்டு நின்றாள்.

ஏறி, பெல்ட்டைப் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கார் கொஞ்சத் தூரம் போனது.

"நான் ஸ்ரிபனிட்டைச் சொன்னனான்" என்றாள் நிரோஜினி. "நீங்கள் என்ர அம்மா எண்டு."

"எப்ப?"

"பிறகு."

"ஆர் நிண்டவை?"

"ஒருத்தரும் இல்லை."

"அவர் என்ன சொன்னவர்?"

"நம்பேல்லை."

கமலாதேவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "நம்பாத மாதிரிச் சொல்லியிருப்பாய்" என்றாள்.

இக்காஸ்ட் பெயர்ப்பலகை வரும் நேரம் கமலாதேவியின் போன் அடித்தது. அவள் ஒலிபெருக்கியைத் தட்டினாள். மேரிகிறேஸ் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அக்கா, மேடம் இப்பதான் வந்து சொன்னவ. திங்கள் தாறாவாம். அக்கா, ஆர் கேட்டது? எப்பிடிக் கேட்டது?"

"ஆர் கேக்கிறது? உன்ர தங்கச்சிதான்."

நிரோஜினி திரும்பிப் பார்த்தாள். கமலாதேவி போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"றோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள். "அவள் உன்னை நல்ல பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆளாவது அப்பிடிச் சொல்லிக் கேக்க எனக்கும் ஆசை." கையை எடுத்தாள். "இந்தா மேரி, பக்கத்திலைதான் இருக்கிறாள், கதை."

"தங்கச்சி?" குரல் சட்டென்று தணிந்தது. "ஸ்ரிபன் சேர் கோவிச்சவரோ? உங்கட வேலைக்கு ஒண்டும் வராதே?"

"இல்லை அக்கா."

"பக்கத்திலை ஆரும் வெள்ளையள் நிக்கினமோ? நிண்டா நான் வைக்கிறன், பிறகு எடுக்கிறன்."

நிரோஜினி காரை ஓரமாக நிறுத்தினாள். துடைப்பான் மழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. தாய் அவளைப் பார்க்கவில்லை. மூடி ஏற்கனவே இறுகியிருந்த பெட்டியை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் இல்லை அக்கா" என்றாள் நிரோஜினி. "அம்மாவும் நானும்தான். கதையுங்கோ."